சேற்றுப்புண்ணுக்குக் கிடைக்கும் மரியாதை

நடவு வயலில் இறங்கும் பெண்களுக்குச் சேற்றுப்புண் வரும். கால்விரல் இடுக்கில் தோல் ஊறி வெளுத்து, பிய்ந்து, உள்ளே சிவந்து, தண்ணீர் பட்டால் உயிர் போவதுபோல எரியும். அதை யாரும் மறைப்பதில்லை. வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டுவார்கள். மருதாணி அரைத்துப் போடு, ராத்திரி நன்றாகத் துடைத்துவிட்டு எண்ணெய் தடவு என்று நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். "சேத்துப்புண்ணு வந்துடுச்சு, நாளைக்கு நடவுக்கு வரல" என்று மேஸ்திரியிடமே சொல்ல முடியும். அவர் முணுமுணுப்பார். ஆனால் அது அவளுடைய குற்றம் என்று சொல்ல மாட்டார். ஈரத்தில் நின்றாள், தோல் ஊறியது, புண்ணாயிற்று. இதில் புரியாதது எதுவும் இல்லை.

அதே பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குமேல் இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. உள்பாவாடை நாள் முழுக்க ஈரம். தொடை இடுக்கிலும் யோனியின் வெளியிதழ்களிலும் தோல் ஊறுகிறது, சிவக்கிறது, பிய்கிறது. நடந்தால் எரிகிறது, ஒன்றுக்குப் போனால் அதைவிட எரிகிறது. இதை அவள் எந்த வரப்பில் உட்கார்ந்து சொல்வாள்?

இரண்டும் ஏறக்குறைய ஒரே புண் என்பதுதான் என் வாதம். காலில் வந்தால் உழைப்பு, தொடை இடுக்கில் வந்தால் அசிங்கம் என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினையால் ஒரு சாதாரணத் தோல் அழற்சி, ஒரு வாரத்தில் ஆறக்கூடியது, பல பெண்களுக்கு ஆண்டுக்கணக்கான ரகசியமாகிவிடுகிறது.

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்து வருகிறேன். சிறுநீர்க் கசிவைச் சொல்ல நம் பேச்சில் இருப்பது "அடக்க முடியல" என்பதுதான். அடக்கம் எவ்வளவு கனமான சொல் என்று யோசியுங்கள். வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வைத்தார். அவர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வைத்தார், ஊர் அதைப் பெண்ணுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது. அடக்கமான பெண் என்பது கல்யாணத் தரகர் வாயில் இன்றைக்கும் முதல் தகுதி. பிணத்தைப் புதைப்பதற்கும் அதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குக் கதவு இல்லையா, அடக்கு. ஆறு மணி நேரப் பஸ் பயணமா, அடக்கு. தீபாவளி நேரத்து ஜவுளிக்கடையா, அடக்கு. இப்படி வளர்க்கப்பட்டவளுக்கு ஒருநாள் ஒரு தசை தளர்ந்துபோனால், தன் ஒழுக்கமே தளர்ந்துவிட்டதுபோலக் கூசுகிறாள். நோயின் பெயருக்குள்ளேயே தண்டனை இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்கக் 'கசிவு' என்றே எழுதுகிறேன். பானை கசிகிறது, கூரை கசிகிறது. அதற்காகப் பானையை யாரும் திட்டுவதில்லை.

கசிவுக்குக் காரணங்கள் உண்டு, அவை உடம்பில் உண்டு. பிரசவத்தில் இடுப்புத்தளத் தசைகளும் நரம்புகளும் இழுபட்டுத் தளர்வது, மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து திசுக்கள் மெலிவது, கர்ப்பப்பை இறக்கம், சர்க்கரை நோய், தீராத இருமல், மலச்சிக்கல், நீர்த்தாரைத் தொற்று, சில மாத்திரைகள். கிழவிகளின் வியாதி என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம், முதல் பிரசவம் முடிந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் வரும்.

நம் இலக்கியத்தில் அல்குல் என்ற சொல் எத்தனை இடங்களில் வருகிறது! பாம்பின் படம் என்றும் தேர்த்தட்டு என்றும் உவமைகள். அது இடையா, யோனியா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நானும் வகுப்பில் அந்தச் சண்டையை நடத்தியிருக்கிறேன். இவ்வளவு பாடப்பட்ட அந்த உறுப்புக்கு ஒருநாள்கூட எரிச்சல் வந்ததில்லை. வற்றிய பெண்ணுடலைப் பாடத் துணிந்த காரைக்கால் அம்மையாரும் அதற்குப் பேய் வடிவம் எடுக்க வேண்டியிருந்தது. நம் காலத்துக்கு வந்தால், 2002இல் வெளியான குட்டி ரேவதியின் 'முலைகள்' என்ன பாடு பட்டது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெண்கள் தங்கள் உடலைத் தாங்களே எழுத வேண்டும் என்ற அந்தப் போராட்டம் தேவையானது, இன்னும் முடியாதது. ஆனால் உடலரசியல் என்று நாம் பேசிய உடல் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. காமம் உண்டு, சூல் உண்டு, மாத உதிரம் உண்டு. உதிரம் நின்றபின் அந்த உடல் எங்கே போயிற்று? மருமகளின் முணுமுணுப்புக்குள் போயிற்று. "அத்தை ரூம்ல ஒரே நாத்தம்" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் போயிற்று.

இனி புண்ணுக்கு வருவோம். தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது. அந்த அமிலம்தான் நமக்குக் காவல். சிறுநீர் துணியிலும் தோலிலும் தங்கிவிட்டால் கிருமிகள் அதிலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகின்றன. அமோனியா காரம். காரம் ஏற ஏறத் தோலின் காவல் குலைகிறது. ஈரத்தில் ஊறிய தோல், தொடையோடு தொடை உரசி எளிதில் கிழிகிறது. மலமும் கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம், அதிலுள்ள செரிமான நொதிகள் காரச் சூழலில் வேகம் பிடித்துத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. கசிவினால் வரும் தோல் அழற்சி என்று மருத்துவத்தில் இதற்குத் தனிப்பெயர் உண்டு. படுக்கைப்புண் வேறு, அது எலும்பு மேடுகளில் அழுத்தத்தால் வருவது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம், ஆனால் வைத்தியம் வேறு வேறு.

இதில் அழுக்கு எங்கே இருக்கிறது? ஈரம் இருக்கிறது, காரம் இருக்கிறது, உரசல் இருக்கிறது, மாற்றாமல் விட்ட நேரம் இருக்கிறது. ஆனால் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அழுக்கு என்றுதான். பெண்ணின் கீழ்ப்பகுதியே தீட்டு, அதிலிருந்து வருவதெல்லாம் தீட்டு. தீட்டைக் கழுவத்தான் வேண்டும். ஆகவே இவள் கழுவுகிறாள். ஒவ்வொரு முறை கசியும்போதும் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். வாடை வருமோ என்று பயந்து வாளித் தண்ணீரில் டெட்டால் ஊற்றிக் கழுவுகிறாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுகிறாள். சொரசொரப்பான துண்டால் அழுத்தித் துடைக்கிறாள். நாம் குளிக்கும் சோப்புக் கட்டிகள் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை. அமோனியா செய்த வேலையைச் சோப்பும் செய்கிறது. தேய்த்தால் தோல் கிழிகிறது, கிழிந்த இடத்தில் அடுத்த கசிவு பட்டு எரிகிறது, எரிவதால் இன்னும் சுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் தேய்க்கிறாள். தீட்டு என்ற கருத்து பெண்ணின் மனதைக் காயப்படுத்துகிறது என்று நிறைய எழுதியாயிற்று. அது தோலையும் உரிக்கிறது என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.

இந்தப் பயத்தின்மேல் கடை விரித்திருக்கிறது சந்தை. பூ வாசனை வரும் திரவம், வாசனைத் துடைப்பான், பவுடர். ரோஜாவுக்கு யோனியில் என்ன வேலை? வாசனைப் பொருட்கள் புண்பட்ட தோலை இன்னும் எரிச்சலாக்கும். யோனியின் உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், அதற்குள் எதையும் ஊற்ற வேண்டியதில்லை. பவுடர் ஈரத்தில் கட்டிதட்டி, மணல்போல இடுக்கில் உரசும். டால்க் பவுடரைப் பற்றி இன்னொன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் டால்க்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் சேர்த்தது. பிறப்புறுப்புப் பக்கம் அதைக் கொட்டிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

வேண்டியது மிகக் குறைவு. கசிந்தால் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், முன்னிருந்து பின்னாக. மலமும் பட்டிருந்தால் மட்டும் வாசனையில்லாத, காரமில்லாத மென்மையான கழுவி கொஞ்சம். பிறகு பழைய பருத்தித் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. இந்த ஒற்றுவதற்கும் துடைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பாதி வைத்தியம். தோல் உலர்ந்தபின் மெல்லிய ஒரு பூச்சு, வாசலின் அல்லது துத்தநாக ஆக்சைடு உள்ள களிம்பு. அது தோலுக்கும் சிறுநீருக்கும் நடுவில் ஒரு சுவர். அப்பிப் பூசினால் நாப்கினில் ஒட்டி அதன் உறிஞ்சும் துளைகளை அடைத்துவிடும், ஆகவே மெல்லிதாக. வெள்ளைக் களிம்பை அடுத்த முறை முழுவதும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை, மேலே அழுக்கான படலத்தை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை, ஆனால் சீக்கிரம் துணியில் போய்விடும்.

நாப்கின் விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பது வேறு கதை. மகளுக்கு வாங்கிய மாதவிடாய் நாப்கினை அம்மா எடுத்துவைத்துக்கொள்கிறாள். அது மெதுவாக வரும் உதிரத்துக்காகச் செய்தது, தும்மலில் சட்டென்று வரும் சிறுநீரை அதனால் பிடித்து வைக்க முடியாது. மேல்பரப்பு ஈரமாகவே இருக்கும், தோல் அதில் ஊறும். சிறுநீர்க் கசிவுக்கென்று உள்ள பேட்கள் நீரை உள்ளே இழுத்துக் கூழாகப் பிடித்து வைப்பவை. வாங்க முடிந்தால் அவற்றை வாங்குங்கள், நிறைந்தபின் மாற்றலாம் என்று காசைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். முடியாதவர்கள் மென்மையான பருத்தித் துணியை அடிக்கடி மாற்றினால் போதும், சோப்பு நீங்க அலசி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் பழக்கம் மாதவிடாய்த் துணியோடு ஒழிந்துவிட்டது என்று நினைத்தோம், ஒழியவில்லை. மொட்டைமாடிக் கொடியில் கோவணம் காயும்போது இது ஏன் காயக் கூடாது? இரவில் முடிந்தவரை ஒன்றும் கட்டாமல், அடியில் ரப்பர் ஷீட்டும் மேலே பருத்தித் துணியும் விரித்துத் தோலைக் காற்றில் விடுவது நல்லது.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நம் பெண்களின் முதல் உபாயம். காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிச் சாயங்காலம் திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத ஆசிரியைகளும் விற்பனைப் பெண்களும் எனக்குத் தெரியும். சிறுநீர் அடர்த்தியானால் பையை இன்னும் உறுத்தும், அவசரம் கூடும், தோலும் இன்னும் எரியும். மலச்சிக்கல் வரும், அதனால் கசிவு அதிகமாகும். ஆனால் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போவதும் ஏமாற்றுதான். குடித்தால் எங்கே போவாள்? ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தத்தின்மூலம் கிடைத்தது. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்த இடத்தில், இரண்டு மணிக்கொருமுறை கழிப்பறைக்குப் போகவும் பேட் மாற்றவும் தண்ணீர் உள்ள, தாழ்ப்பாள் உள்ள, குப்பைக் கூடை உள்ள ஓர் அறையைக் கேட்டால் முதலாளி என்ன சொல்வார்? கேட்கத்தான் வேண்டும்.

என் பெரியம்மாவை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனபோது டாக்டர், "வயசானா இதெல்லாம் சகஜம்மா" என்றார். பெரியம்மா சேலையை நகர்த்தவும் இல்லை, அவர் எழுந்து பார்க்கவும் இல்லை. ஒரு களிம்பை எழுதிக்கொடுத்தார். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி மூன்றும் ஒன்றாகக் கலந்தது. போட்டதும் எரிச்சல் அடங்கியது. நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. பெரியம்மா அதையே மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டாள். ஸ்டீராய்டு சிவப்பை மறைக்கும், தோலை மெலிதாக்கும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. எங்கள் தெருமுனைக் கடையில் அந்த விதியை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. "அரிப்புக்கு ஏதாவது குடுப்பா" என்றால் அதே டியூப்தான் வருகிறது.

பூஞ்சை வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சிவப்புத் திட்டின் ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும், அரிப்பு அதிகமாக இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது எளிதாக வரும். குறிப்பாக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அவற்றைச் சாப்பிடும் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். எழுதிக்கொடுக்கும்போது அதைச் சொல்லும் மருத்துவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் அந்த மருத்துவரிடமே போய் "இந்த மாத்திரைக்கு அப்புறம் கீழே அரிக்குது" என்று சொல்லுங்கள். பதில் சொல்வது அவர் வேலை.

தோல் உரிந்து நீர் வடிந்தாலோ, கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ, மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ வீட்டு வைத்தியம் போதாது. ஆறாத அரிப்போடு தோல் வெள்ளை வெள்ளையாகத் தடித்தால் அது கசிவுப்புண் இல்லை, வேறு நோயாக இருக்கலாம், காட்டித்தான் ஆக வேண்டும். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் யோனியில் போடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. அது எல்லோருக்கும் பொருந்தாது, மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அப்படி ஒன்று இருக்கிறது என்றாவது பெண்களுக்குத் தெரிய வேண்டாமா? இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியை அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948இல் எழுதினார். செலவில்லாதது, பாயில் படுத்தே செய்யலாம், மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் கசிவு குறைகிறது. பிரசவ வார்டில் குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசிகளைச் சொல்லி அனுப்புகிறார்கள், தாய்க்கு இதைச் சொல்லி அனுப்ப ஐந்து நிமிடம் ஆகாது.

அரசின் கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதவிடாய் நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி 2018 ஜூலையில் முழுவதும் நீக்கப்பட்டது. பெண்கள் போராடிப் பெற்றது, நல்லது. டயப்பருக்கு அதே 12 சதவீதம் 2025 செப்டம்பர் வரை அப்படியே இருந்தது, பிறகு 5 ஆயிற்று. பிள்ளை பெறும் வயதிலிருக்கும் உடலுக்கு வரி இல்லை, அந்த வயதைக் கடந்த உடலுக்கு வரி உண்டு. தமிழ்நாட்டில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் இருக்கிறது. அவர்களுடைய பாட்டிக்கு என்ன இருக்கிறது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுவருகிறது. கொண்டுவருபவர்கள் அதே ஊர்ப் பெண்கள், "என்னம்மா, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்பவர்கள். அந்தப் பையில் ஒரு களிம்பும் ஒரு பேட் பாக்கெட்டும் சேர்ந்தால் என்ன? "துணி நனையுதா, புண்ணு இருக்கா?" என்று ஒரு கேள்வியை அவர்களுடைய படிவத்தில் சேர்க்க எவ்வளவு செலவாகும்? அந்தத் தன்னார்வலருக்குக் கூடுதல் வேலை என்றால் கூடுதல் ஊதியமும் கொடுக்க வேண்டும், அதையும் சேர்த்தே கேட்கிறேன். படுக்கையில் கிடப்பவளைத் துடைத்து மாற்றுகிற மருமகளும், மாதச் சம்பளத்துக்கு வரும் ஆயாவும் முதுகொடிய இதைச் செய்கிறார்கள். மகன் டயப்பருக்குப் பணம் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் கையும் ஒற்றியெடுக்கப் பழகலாம்.

களிம்பைக் கேட்டு மருந்துக்கடைக்குப் போனால் துத்தநாக ஆக்சைடு உள்ள டியூப் பெரும்பாலும் குழந்தைகளுக்கான அலமாரியில்தான் இருக்கும், டயப்பர் தடிப்புக்கு என்று எழுதியிருக்கும். குழந்தைக்குச் சிவந்தால் ஓர் அலமாரியே இருக்கிறது. மேலே சிரிக்கிற குழந்தையின் படம் போட்டிருப்பதைப் பார்த்து, "எத்தனை மாசக் குழந்தைம்மா?" என்று கடைக்காரர் கேட்பார். அறுபத்திரண்டு வயது என்று சொல்லுங்கள்.